மூஞ்சி இன்னும் கொஞ்சம் பெருசா

என்னுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே பேனர் வைத்துக்கொண்டேன்.

எழுதும்போதே காது சுடுகிறது. நெல்லித்தோப்பில் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்து கொடுக்கிற கடை என்னுடையது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊரின் சந்தோஷமும் துக்கமும் என் மவுஸ் வழியாகத்தான் மூங்கில் கழிக்குப் போகின்றன. ‘அகவை இருபத்துநான்கு காணும் எங்கள் அகிலமே’ என்று ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்தப் பிறந்தநாளன்று கேசரி சாப்பிட்டுத் தூங்குகிறவன். ஐம்பது வந்ததும் எதுவோ கிளறிவிட்டது. எட்டுக்கு ஆறு அடியில் எனக்கொரு பேனர் போட்டேன். தலைமுடிக்குக் கல்யாண ஆல்பத்திலிருந்து முன்நெற்றியை வெட்டி எடுத்து ஒட்டினேன். அதுவரை சரி. பேனர் என்றால் கீழே வரிசையாகத் தம்பிகள் ஸ்டாம்ப் அளவில் இருக்கவேண்டும், போனைக் காதில் வைத்துக்கொண்டு. எனக்கு ஏது தம்பிகள்? கம்ப்யூட்டரில் கிடந்த பழைய வாடிக்கையாளர் முகங்களில் பன்னிரண்டைப் பொறுக்கி வரிசையாக வைத்து, ‘என்றும் அண்ணன் வழியில்’ என்று போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் முதலியார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார்.

“எங்க வூட்டுக்காரரு போயி ரெண்டு வருஷம் ஆவுது. உங்க பொறந்தநாளுக்குக் கூலிங்கிளாஸ் போட்டுக்கினு வாழ்த்து சொல்றாரே, எங்கேர்ந்து சொல்றாரு?”

ஏணி எடுத்துக்கொண்டு போய் நானே கழற்றினேன்.

அந்த யோசனையை என் மண்டையில் ஏற்றியவன் ஒருத்தன். “ஊருக்கெல்லாம் வைக்கறியேண்ணா, உனக்கு வைக்க ஆளு இல்லியா?” என்று கேட்டவன். அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, ஏன் என் பேரை இவ்வளவு சின்ன எழுத்தில் போட்டாய் என்று கேட்டுக்கொண்டு வருவான்.

முதன்முதலில் வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. எஞ்சினியரிங் முடித்திருந்தான். அப்பா கட்டட மேஸ்திரி. நல்ல உயரம், நல்ல நிறம், கண்ணில் ஓர் அவசரம். எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடியைப் பார்த்துப் பேசுவான். கண்ணாடி இல்லாவிட்டால் அணைந்திருக்கிற டிவி போதும்.

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் முகம் மட்டும் கொண்டுவந்தால் போதும். உடம்பு நாங்கள் தருவோம். என் கம்ப்யூட்டரில் ‘உடம்பு’ என்றே ஒரு போல்டர் உண்டு. வெள்ளை வேட்டி சட்டையில் நடந்து வருகிற உடம்பு, கோட்டு சூட்டு போட்ட உடம்பு, பெரிய நாற்காலியில் கால்மேல் கால் போட்ட உடம்பு என்று நாற்பது இருக்கும். தலையில்லாமல் வரிசையாக நிற்பார்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் குலைநடுக்கம் வரும்.

“எந்த உடம்பு வேணும் தம்பி?”

“ஏண்ணா, என் உடம்புக்கு இன்னா?”

“உன் உடம்பு பனியன்ல இருக்குது.”

கோட்டு சூட்டைத் தேர்ந்தெடுத்தான். முகத்தை வெட்டி வைத்தேன். மானிட்டருக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“மூஞ்சி இன்னும் கொஞ்சம் பெருசா.”

பெரிசாக்கினேன்.

“இன்னும் கொஞ்சம்.”

தோளைவிட அகலமாகத் தலை போய்விட்டது. “தம்பி, இதுக்கு மேல போனா கழுத்து தாங்காது” என்றேன்.

“தாங்கும்ண்ணா. போடு.”

அவன் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக எதிரில் இருப்பவரைச் சிரிக்கவைத்தே பிழைப்பவன் நான். அவன் ஒருத்தனிடம்தான் என் ஜோக் எதுவும் இறங்கவில்லை. அவனைப் பற்றிய ஜோக் என்றால் காதுக்குள்ளேயே போகாது. அதனாலேயே அவன்மேல் எனக்கொரு பிடிப்பு வந்துவிட்டது. ஒருநாள் சிரிக்கவைத்துவிடவேண்டும் என்று வைராக்கியம்.

வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள்தானே வரும்? அவனுக்கு ஐந்தாறு வந்தது. பொங்கலுக்கு வாழ்த்து சொல்லி ஒரு பேனர், ஏதோ ஒரு கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களை வரவேற்று ஒரு பேனர், புது வண்டி வாங்கியதற்கு ஒன்று. எல்லாவற்றிலும் கீழே ‘இவண்: அன்புத் தம்பிகள்’ என்று இருக்கும். ஆர்டர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கழி கட்டுகிற இடம்வரை கூட வருகிறவன் அவன் ஒருத்தன்தான். ஆரம்பத்தில் தம்பிகள் ஒன்பது பேர் இருந்தார்கள். அடுத்த பேனரில் “இவன எடுத்துடுண்ணா” என்பான். அதற்கடுத்ததில் இன்னும் இரண்டு பேர் போவார்கள். மிச்சம் இருக்கிறவர்களை “இன்னும் சின்னதா வைண்ணா” என்பான். யாரோடு அவனுக்குச் சண்டை என்று தெரிந்துகொள்ள நான் விசாரிக்கவேண்டியதில்லை, பழைய பைலைத் திறந்தால் போதும்.

சண்டைக்கான காரணம் எப்போதும் ஒன்றுதான். “அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்ண்ணா.”

சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனான். நாலாவது நாள் காலை பதினோரு மணிக்கு என் கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

“லீவா?”

“வுட்டுட்டேன்.”

“இன்னாடா ஆச்சி?”

“சூப்பரைசர் என்னப் பாத்து ‘ஏ, நீலச் சட்ட’ங்குறான். நாலு நாள் ஆச்சி. என் பேரு தெரியல அவனுக்கு.”

“நீ சொல்றதுதானே?”

“நான் ஏண்ணா சொல்லணும்? தெரிஞ்சிருக்கணும்ல?”

நானூறு பேர் வேலை பார்க்கிற இடம். எல்லோரும் நீலச் சட்டை. அது அங்கே யூனிபார்ம். இதைச் சொன்னால் என்னோடும் பேச்சை நிறுத்திவிடுவானோ என்று டீ வாங்கித் தரக் கூட்டிப்போனேன். அதிலும் சிக்கல். எங்கள் தெரு முனை டீக்கடையில் அவனுக்குப் பின்னால் வந்தவருக்கு முதலில் கிளாஸ் நீட்டிவிட்டார்கள் என்று ஆறு மாதமாக அங்கே போவதில்லை. எதிர்ச்சாரிக் கடைக்காரர் ஒருமுறை சில்லறையை அவன் கையில் தராமல் பலகையில் வைத்துவிட்டார். அதுவும் போயிற்று. இப்படியே ஒவ்வொன்றாகக் கழிந்து, அவனோடு ஒரு டீ குடிக்கவேண்டும் என்றால் வண்டியில் இரண்டு கிலோமீட்டர் போகவேண்டியிருந்தது. நானும் போனேன். அவன் கோபத்துக்கு நான் சிரித்துக்கொண்டே பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் அவன் அப்பா கடைக்கு வந்தார். சிமெண்டு அப்பிய கை, தோளில் சாப்பாட்டுக் கூடை. மகன் பேனர் தயாராகிவிட்டதா என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தான். திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இது எங்க வூட்டுப் புள்ளையா சார்?”

“ஆமாங்க.”

“வூட்ல இப்பிடிச் சிரிச்சி நான் பாத்ததில்ல.”

அந்தச் சிரிப்பு நான் போட்டது. உதட்டின் இரண்டு ஓரத்தையும் மவுசால் பிடித்துக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டிருந்தேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

கெட்டவன் என்று மட்டும் அவனைச் சொல்லிவிட முடியாது. ஒருமுறை என் மனைவிக்குக் கடுமையான காய்ச்சல். நான் விழுப்புரத்தில் ஒரு கல்யாண வேலையில் மாட்டிக்கொண்டேன். அவனுக்குத்தான் போன் செய்தேன். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியிலேயே கூட்டிப்போய், பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற கூட்டத்துக்கு நடுவில் வரிசையில் நின்று, இளநீர் வாங்கிக் கொடுத்து, நான் வருகிறவரை கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு யாரோடும் சண்டை போடவில்லை. அவன் பேரை யாரும் கேட்கவுமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் அவன் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். கையில் டிரிப்ஸ் ஏற, வாயைத் திறந்துகொண்டு என் மனைவி தூங்குகிறாள். முன்னால் முக்கால் படத்தை அடைத்துக்கொண்டு அவன். ‘அக்காவுக்கு ஒன்று என்றால் உயிரையும் கொடுப்பான் இந்தத் தம்பி.’

மனைவியிடம் காட்டினேன்.

“உசுரெல்லாம் குடுக்க வேணாம். மொதல்ல அந்தப் போட்டோவ எடுக்கச் சொல்லு” என்றாள். ஆனாலும் காய்ச்சல் விட்டதும் அவனைக் கூப்பிட்டு வஞ்சிர மீன் குழம்பு ஊற்றினாள். அவன் போனபிறகு தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “நல்லதத்தான் செய்யறான். ஆனா பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணும் அவனுக்கு.”

வேலை வேலையாக மாறி இருபத்தைந்து வயதானபோது அவனுக்கு ஒரு வரன் வந்தது. பிரான்சு வரன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் விளங்காது. எங்கள் ஊரில் சில குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. தாத்தா காலத்தில் யாராவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார். சொல்தா வீடு என்போம். அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளைக்கும் பாரீசுக்கு வழி பிறக்கும். எத்தனை டிகிரி வாங்கியும் ‘நீலச் சட்ட’ என்று கூப்பிடப்படுகிற பையன்களுக்கு அது ஒரு கதவு. தரகு பார்க்கிற அக்கா ஒருத்தர், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்த அப்படி ஒரு வீட்டுக்கு இவனையும் இவன் அப்பாவையும் கூட்டிப்போனார். பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா, பட்டாளத்துத் தாத்தா. பெண் அங்கே போய் நர்சிங் படிப்பதற்கு இடம் வாங்கி வைத்திருந்தாள். பஜ்ஜி கொடுத்தார்கள். காபி கொடுத்தார்கள். வாசல்வரை வந்து அந்த அம்மா “சொல்லி அனுப்புறோம்” என்றார்.

இந்தப் பக்கத்தில் பெண் பார்த்த எவனுக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பு என்று அர்த்தம். பிடித்திருந்தால் தரகு அக்கா தெரு முனை திரும்புவதற்குள் போன் வந்துவிடும்.

மறுநாள் கடைக்கு வந்தான். அவ்வளவு வெளிச்சமாக அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் எதையும் இழுத்துவிட வேண்டியிருக்கவில்லை.

“அண்ணா, ஓகே ஆயிடுச்சி.”

“சொல்லிட்டாங்களா?”

“சொல்லி அனுப்புறோம்னாங்க.”

“டேய், அது வந்து…”

“இன்னாண்ணா? என்ன வேணாம்னு சொல்றதுக்கு ஒரு காரணம் சொல்லு பாக்கலாம்.”

எனக்குப் பதினோரு காரணம் வரிசையாக வந்தது. நான் ஜோக்கர் அல்லவா, ஒன்றையும் சொல்லாமல், “மூக்குதான் லேசாக் கோணல்” என்றேன்.

“அத சாப்ட்வேர்ல சரி பண்ணிக்கோ. நிச்சயதார்த்த பேனர் போடணும்.”

“வெத்தல பாக்கு மாத்தினப்புறம்தானே நிச்சயம்?”

“மாத்திக்குவோம்ண்ணா. பேனரப் பாத்தா அவங்களுக்கே சந்தோஷமாயிடும். இப்பிடி ஒருத்தன் நம்ம பொண்ணுக்குன்னு.”

பெண் வீட்டார் தரகு அக்காவிடம் கொடுத்திருந்த பயோடேட்டாவை எனக்கு அனுப்பினான். அதில் பச்சைப் புடவையில் ஒரு பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வெட்டி எடுத்தேன். பூந்தொட்டி வேண்டாம் என்று நீக்கினேன்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். கை சும்மா இருக்கவில்லை. வழக்கமாக வைக்கிற சிங்கத்தை எடுத்துவிட்டுப் பின்னால் ஈபில் டவரை நிறுத்தினேன். மனசு கேட்கவில்லை. டவருக்கு அடியில் சிங்கத்தையும் உட்காரவைத்தேன். ‘பாரீசே பாதையை விடு, பாண்டிச்சேரிச் சிங்கம் வருது’ என்று எழுதினேன். எனக்கே அது பிடித்துப்போய் இரண்டுமுறை சத்தமாகப் படித்தேன். அன்றைக்காவது சிரிப்பான் என்று பார்த்தேன். “வருது இல்லண்ணா, வருகிறதுன்னு போடு. மரியாதையா இருக்கும்” என்றான்.

அப்புறம் வழக்கம்போல, “மூஞ்சி இன்னும் கொஞ்சம் பெருசா.” அவன் வளர வளர, இடத்துக்காக அவளைச் சின்னதாக்கினேன். முதலில் அவன் தோளுக்கு வந்தாள். பிறகு முழங்கைக்கு. கடைசியில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தாள். அப்படியே பிரிண்டுக்கு அனுப்பினேன்.

பெண் வீட்டுத் தெரு முனையில், பால் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இடத்தில் காலை ஏழு மணிக்குக் கட்டினான். எட்டு மணிக்குள் யாரோ படம் பிடித்து அனுப்பி, பாரீசில் விடியும்முன்பே அங்கிருந்து சொந்தக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்குச் சொல்லாமல் நிச்சயமா என்று சண்டை. அந்த அம்மாவும் பெண்ணும் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, காய்கறிக் கத்தியை எடுத்து வந்து கயிற்றை அறுத்தார்கள். பேனர் போய்விட்டது, பேச்சு போகவில்லை. நடந்ததைத் தெரிந்துகொண்ட அவள் தாய்மாமன் அங்கிருந்து சொன்னாராம்: “ஊரே பாத்துடுச்சி. இனிமே எவன் வருவான்? பையன் பாக்க நல்லாத்தானே இருக்கான், முடிச்சிடுங்க.” அம்மாவும் லேசாக அசைந்திருக்கிறார். இதெல்லாம் தரகு அக்கா என் கடை வாசலில் நின்று, என்னைப் பார்வையாலேயே கிள்ளிக்கொண்டு சொன்னது.

ஒரு பெண் நர்சாவதா, இவன் சட்டைப்பையில் குடியேறுவதா என்பதை என் எட்டுக்குப் பத்து அடி முடிவுசெய்யப் பார்த்தது. அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். மாமனிடமும் அம்மாவிடமும் தரகு அக்காவிடமும் தனித்தனியாக, மூன்றுமுறை.

புதன்கிழமை மத்தியானம் வந்தான். முகம் வீங்கியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டான். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

“வேணாமாம்ண்ணா. அவங்க மாமாவே சரின்னுட்டாரு. இவளுக்கு வேணாமாம். என்னை.”

“வுடுறா. வேற…”

“அவ போட்டோ இருக்குல்ல உன்கிட்ட? கண்ணீர் அஞ்சலி ஒண்ணு போடு.”

எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இது ஒரு பழக்கம். ஆகாதவன் உயிரோடு இருக்கும்போதே அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து அவன் வீட்டுச் சுவரில் ஒட்டுவது. எனக்கும் அப்படி நாலைந்து ஆர்டர் வந்து சிரித்து அனுப்பியிருக்கிறேன். அதே பழக்கத்தில் வாய் தானாக வந்துவிட்டது.

“தோற்றம் பயோடேட்டால இருக்கும். மறைவு தேதி இன்னா போடலாம்?”

“வெள்ளிக்கெழம.”

சொல்லும்போது அவன் குரல் ஏறவில்லை. ‘வருகிறதுன்னு போடு’ என்று திருத்தினானே, அதே குரல். மவுசிலிருந்து கையை எடுத்தேன்.

“தம்பி, இதெல்லாம் வெளையாட்டு இல்ல.”

“நான் வெளையாடலியே. நீதாண்ணா சிரிச்ச.”

எழுந்து போய்விட்டான். வேறு கடை இல்லாத ஊரா என்று வாசலில் சொன்னது கேட்டது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி, “இங்க இன்னாத்துக்கு உக்காந்திருக்க? எழுந்து போ” என்றாள்.

அந்த வீட்டுக் கதவைப் பட்டாளத்துத் தாத்தா திறந்தார். “என்ன வேணும் முசியே?” என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார். அந்தப் பேனர் போட்டவன் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “இங்க வீடு வாடகைக்கு…” என்று ஆரம்பித்தேன். இல்லை என்றார். திரும்பி இரண்டடி நடந்து, மறுபடி வந்து, பாப்பாவைக் கூப்பிடுங்கள் என்றேன். அவள் வந்தாள். பேனரில் இருந்ததைவிட உயரம்.

“வெள்ளிக்கெழம வெளிய வராதீங்க. அந்தப் பையன் ஒரு மாதிரி பேசறான்.”

“தெரியும். மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்காரு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கோம். நீங்க யாரு?”

“தெரிஞ்சவன்” என்றேன். யாருக்கு என்று அவள் கேட்பதற்குள் வந்துவிட்டேன்.

அவன் அப்பாவையும் வேலை நடக்கிற கட்டடத்தில் போய்ப் பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்தார். “நான் சொன்னாக் கேக்குற வயசு போயி பத்து வருஷம் ஆவுது சார்” என்றார். மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டே, “வெள்ளிக்கெழம எத்தினி மணிக்கு?” என்றார். ஏதோ கான்கிரீட் போடுகிற நேரம் கேட்பதைப் போல.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அந்தத் தெரு முனையில் நின்றேன். சும்மா நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று டேப்பை எடுத்துப் போய் ஒரு சுவரை அளந்துகொண்டிருந்தேன். பதினேழு முறை அளந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வந்தது. தெருவின் அந்தக் கோடியில் மேஸ்திரி சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி இருந்தோம்.

பத்தரைக்கு வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வண்டியை அவள் வீட்டு எதிரில் நிறுத்தினான். டேங்க் கவரில் ஒரு தண்ணீர் பாட்டில் செருகியிருந்தது. தண்ணீர் அந்த நிறத்தில் இருக்காது.

பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டான். ஜன்னல் திறக்கவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டான். தாத்தாவின் இருமல் மட்டும் கேட்டது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவன் காத்திருந்தான். காத்திருக்கிற நேரத்தில் வண்டிக் கண்ணாடியில் குனிந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினான். வகிட்டை இரண்டுமுறை சரிசெய்தான். டேப்பைச் சுருட்டாமலே கிட்டே போனேன்.

“நீ இன்னாண்ணா இங்க?”

“செவுரு அளக்கறேன்.”

“அவளக் கூப்புடுண்ணா. அவ பாக்கணும்.”

“இன்னாத்தப் பாக்கணும்?”

“அவ வரட்டும்.”

அந்தப் பாட்டில் அவளுக்கா, அவனுக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்கும் அப்போது தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை.

மேஸ்திரி எப்போது எழுந்து வந்தார் என்று நான் பார்க்கவில்லை. டேங்க் கவரிலிருந்து பாட்டிலை உருவிக் கூடைக்குள், சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவ்வளவு சாதாரணமாக. அவன் திரும்பினான். அப்பா நிற்பதைப் பார்த்தான். கையில் இருந்த ஹெல்மெட்டைச் சுழற்றினான். மேஸ்திரி குனிந்துவிட்டார், உயரத்தில் வேலை செய்கிறவர். அது என் மூக்கில் வந்து முடிந்தது. என் மூக்குக் கண்ணாடி இரண்டாகப் போயிற்று. என் ரத்தம் அவன் சட்டையில் தெறித்தது. அவன் முதலில் சட்டையைத்தான் பார்த்தான். பிறகு என்னை. பிறகு ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். அழுதான். தலையை அப்பாவின் முழங்காலில் முட்டிக்கொண்டு அழுதான். மேஸ்திரி கையைத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல், கொஞ்சநேரம் அந்தரத்திலேயே வைத்திருந்தார்.

போலீஸ் வந்தது. இரண்டு நாள் வைத்திருந்து, அந்தத் தெருப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று அப்பாவிடமும் மகனிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மேஸ்திரி அவனைத் திண்டிவனம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து ஓசூருக்கோ எங்கேயோ போனான். ஆறேழு வருஷம் ஆகிறது. ஒரே ஒருமுறை போன் செய்தான்.

“மூக்கு எப்பிடிண்ணா இருக்குது?”

“லேசாக் கோணல்.”

“சாப்ட்வேர்ல சரி பண்ணிக்கோ.”

சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அது ஜோக்கா, அறிவுரையா என்று நானும் மனைவியும் இன்னும் பேசித் தீரவில்லை. இப்போது அவன் வயதுப் பையன்கள் கடைக்கு வந்து மூஞ்சி பெரிசாக வேண்டும் என்றால் ஓர் அளவுக்கு மேல் கம்ப்யூட்டர் ஒத்துக்காது என்று சொல்லிவிடுகிறேன். நம்புகிறார்கள். கோபமும் படுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாதம் கழித்து, அவள் பிரான்சுக்குக் கிளம்புகிறாள் என்று தரகு அக்கா சொன்னார். போய்ப் பார்த்தேன். மூக்கில் பிளாஸ்திரி இருந்தது. எடுத்திருக்கலாம், டாக்டர் எடுத்துவிடலாம் என்றுதான் சொன்னார். எடுக்காமல் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் நன்றி சொல்லுவாள், நான் ‘அதெல்லாம் பரவால்லம்மா’ என்பேன் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றாள். அன்றைக்கு அடி வாங்கியது நான்தான் என்றேன். தலையசைத்தாள். அப்புறம் மென்று விழுங்கி, அந்தப் பேனர் செய்ததும் நான்தான், அவன் கேட்டான், எனக்கும் அப்போது புத்தி இல்லை என்று ஆரம்பித்து, சுவரைப் பதினேழு முறை அளந்ததுவரை ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். கடைசியில் கொஞ்சம் சிரிக்கவும் சிரித்தேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என் போட்டோவ அந்த பயோடேட்டாலேர்ந்துதானே வெட்டினீங்க? அதுக்குக் கீழயே எங்கம்மா நம்பர் இருந்துது. ஒரு போன் பண்ணிக் கேக்கலாம்னு உங்களுக்குத் தோணல இல்ல?”